தலையணை உறையில் பகாங்

என்னால் ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் உட்கார முடியாது. இப்போதும் அப்படித்தான். அலுவலகத்தில் கூட்டம் நடந்தால் மேசைக்கு அடியில் என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவர் தன் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு என்னை முறைப்பார். பத்து வயதில் இது இன்னும் மோசம். அந்த வயதில்தான், தினமும் மூன்று மணி நேரம் சத்தம் போடாமல், குதிக்காமல், அலமாரிக் கதவைக்கூடத் திறந்து மூடாமல் இருக்க வேண்டும் என்று எனக்குச் சட்டம் போட்டார்கள். எல்லாம் மாமாவால் வந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சுங்கை பினாங்கில், பதினோராவது மாடியில் இருந்த எங்கள் வீட்டில் எங்களோடு இருந்தார். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அந்த வருடம் ஆவணியில் அவருக்குக் கல்யாணம். பெண்ணுக்கு ஊர் சுங்கை பாக்காப். கல்யாணச் செலவை நினைத்து, கேட்டு வாங்கி, நிரந்தரமாக இரவு ஷிப்டுக்கு மாறியிருந்தார். இரவு முழுக்க வேலை, காலை எட்டு மணிக்குத் தொழிற்சாலை பஸ்ஸில் வீடு, சாப்பாடு, பிறகு நான்கு மணி வரை தூக்கம். அறையில் வெயில் நேராக அடிக்கும் என்பதால் கூடத்தில் காற்றாடிக்குக் கீழே மெத்தை போட்டுப் படுப்பார். அப்பா லாரி ஓட்டுபவர். ஜொகூர் பக்கம் போனால் வாரக்கடைசியில்தான் வருவார். அம்மா தையல் கடையிலிருந்து வர ஐந்து மணி ஆகும். ஆக, ஒரு மணிக்குப் பள்ளி விட்டு நான் வரும்போது வீட்டில் இருப்பது தூங்கும் மாமாவும் தூங்காத நானும்தான்.

“மாமா தூங்குறாரு. நீ மூச்சு விடற சத்தம்கூட அவருக்குக் கேக்கக் கூடாது, சொல்லிட்டேன்” என்பார் அம்மா. நான் மூச்சைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். சுவர்க் கடிகாரத்தில் நாற்பது விநாடிகூடத் தாண்டவில்லை. மாமாவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவருடைய கால்விரல்களை எண்ணினேன். அவர் மேல் எனக்குப் பிரியம் உண்டு, ஆனால் அந்த மூன்று மணி நேரம் மட்டும் அவரை எனக்குப் பிடிக்காது.

அந்த வருடம் வட்டாரக் கல்விப் பாடத்தில் மலேசிய மாநிலங்கள் வந்தன. மாநிலங்களின் எல்லைக்கோட்டைப் பார்க்காமல் வரைந்து பழக வேண்டும் என்பது டீச்சரின் உத்தரவு. ஒரு நாள் மதியம் மாமா தூக்கத்தில் புரண்டு தலையணையை விட்டு விலகினார். அவர் தலை இருந்த இடத்தில் ஈரமாக ஒரு திட்டு. வியர்வை. அதன் ஓரம் வளைந்து நெளிந்து, சத்தியமாகச் சொல்கிறேன், பெர்லிஸ் மாநிலம்போலவே இருந்தது. என் கையில் நான்கு வண்ணப் பேனா இருந்தது. பிறந்தநாளுக்கு மாமா வாங்கித் தந்தது. காய்வதற்குள் ஓரத்தைச் சுற்றி நீலத்தில் கோடு இழுத்துவிட்டேன். நடுவில் ‘பெர்லிஸ்’ என்று எழுதினேன். தேதி போடாத வேலைக்கு டீச்சர் மதிப்பெண் தரமாட்டார் என்பதால் தேதியும் போட்டேன்.

நான்கு மணிக்கு எழுந்த மாமா தலையணையைப் பார்த்தார். நான் குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்று ஓடத் தயாராக இருந்தேன். அவர் திட்டவில்லை. கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“இது என்னா குட்டி?”

“பெர்லிஸ், மாமா. உங்க வேர்வை.”

“பரவால்லலா, சின்ன மாநிலம்தானே” என்று சிரித்தார். பிறகு தலையணையைத் திருப்பி, படம் வரைந்த பக்கத்தை அடியில் தள்ளினார். ஐந்து மணிக்கு அம்மா வந்தபோது வெள்ளை வெளேரென்ற பக்கம்தான் மேலே இருந்தது.

அன்றிலிருந்து எங்களுக்குள் இது வழக்கமாகிவிட்டது. பள்ளி விட்டு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் மாமா புரளக் காத்திருப்பேன். மறுநாள் மலாக்கா. அடுத்த வாரம் சிகப்பில் நெகிரி செம்பிலான். இடம் போதாதபோது ஒரு மாநிலத்தின் மேல் இன்னொன்று ஏறிக்கொள்ளும். அதற்குத்தானே நான்கு வண்ணம். சில நாள் ஈரமே இருக்காது. அன்றைக்கு மாமா என்னை ஏமாற்றிவிட்டதாகத் தோன்றும். ஆனால் வாரங்கள் போகப் போகத் திட்டுகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. கெடா வந்தது. பேராக் வந்தது. நான்கு மணிக்கு மாமா எழுந்து பார்ப்பார், பெயரைப் படிப்பார், திருப்பிப் போடுவார். எல்லாவற்றிலும் பெரிய சரவாக் எப்போது வரும் என்று நான் துடித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு ஆசையை நான் ஆசைப்பட்டேன் என்று இப்போது வெளியில் சொல்லவே எனக்குக் கூசுகிறது.

ஏனென்றால் அதே மாதங்களில்தான் மாமாவின் முதுகுவலியும் வளர்ந்தது. அதற்கான காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். தைப்பூசத்துக்கு மாமாவும் கூட்டாளிகளும் தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள். ஐஸ் நிரப்பிய பீப்பாய்களை லாரியிலிருந்து இறக்கியவர் மாமா. அதற்குப் பிறகு வந்த வலி, அதனால் வந்த வலி. தொழிற்சாலைக்குப் பக்கத்து கிளினிக்கில் வலி மாத்திரையும் இரண்டு நாள் எம்.சி. விடுப்பும் கொடுத்தார்கள். கீழ் மாடியில் உருவிவிடும் மலாய்க்காரப் பெரியவர் சுடச்சுட எண்ணெய் தேய்த்தார். ஒரு நாள் சுகமாக இருந்து, மூன்று நாள் அதிகமாக வலித்தது. அம்மா முதுகில் மருந்துப் பட்டை ஒட்டிவிடுவார். கூடம் முழுக்க அந்த வாடைதான்.

மாமா இளைத்தார். இடுப்பு வாரில் ஆணியால் புது ஓட்டை போட்டார். சித்திரை வருவதற்குள் இன்னொன்று. “நைட் ஷிப்ட் ஒடம்ப உருக்குது. கல்யாணம் முடியட்டும், பகல் வேலைக்கு மாறிடலாம்” என்றார் அம்மா. வைகாசியில் மாமா ஒரு புது வேடிக்கை காட்ட ஆரம்பித்தார். லிப்ட் கெட்டுப்போன நாள்களில் நாங்கள் படியேறுவோம். பாதியில் அவருடைய ஒரு செருப்பு கழன்று படியிலேயே கிடக்கும். அவர் பாட்டுக்கு வெறுங்காலோடு போய்க்கொண்டிருப்பார். நான் அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய், “மாமா, செருப்பு!” என்று கத்துவேன். அவர் காலைக் குனிந்து பார்ப்பார், அப்போதுதான் தெரிந்தவர்போல. என்னமாய் நடிக்கிறார் என்று நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

அதற்கு முன்பே அம்மா அவரை ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை அழைத்துப் போயிருந்தார். அம்மாதான் மாமாவை வளர்த்தவர். சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தாத்தா இறந்தபோது அம்மாவுக்குப் பதினாறு வயது, மாமாவுக்கு ஆறு. தாத்தா எதனால் இறந்தார் என்று நான் கேட்டால், “மூச்சு நின்னு போச்சு” என்று மட்டும் அம்மா சொல்வார். மூச்சு நிற்காமல் யார்தான் சாகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். கேட்டால் முதுகில் ஒன்று விழும் என்பதால் கேட்டதில்லை. மாமாவுக்குப் பள்ளியில் பெயர் கொடுத்தது, வேலைக்கு மனு எழுதியது, பெண் பார்த்தது எல்லாம் அம்மாதான். அதனால் டாக்டர் கேட்ட கேள்விகளுக்கும் அம்மாவே பதில் சொன்னார். வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகவும் சொன்னார்.

“இருமல் இருக்கான்னாங்க. இல்லன்னுட்டேன். ராத்திரியில வேர்க்குதான்னாங்க. ராத்திரி அவன் ஏர்கான்ல நின்னு வேல பாக்குறான் டாக்டர், எங்கேருந்து வேர்க்கும்னு கேட்டேன். குடும்பத்துல யாருக்காச்சும் டிபி வந்திருக்கான்னு வேற கேட்டாங்க. நம்ம குடும்பத்துல அந்த மாதிரிச் சீக்கெல்லாம் கெடையாதுன்னு சொல்லிட்டேன்.”

மாமா அப்போது சட்டையைத் தூக்கிக்கொண்டு முதுகிலிருந்த பட்டையை உரித்துக்கொண்டிருந்தார். எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இடைவெளி கொஞ்சம் குறைந்திருப்பதாகச் சொல்லி, ஆறு வாரம் கழித்துத் திரும்பி வரச் சொல்லியிருந்தார்கள். வேறு ஏதாவது மாற்றம் தெரிந்தால் அதற்கு முன்பே வர வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். நான் கூடத்தில் கயிறு இல்லாமல் கயிறு தாண்டிக்கொண்டிருந்தேன். ராத்திரி வேர்க்கவில்லை என்பது எனக்கும் சரியான பதிலாகவே பட்டது. மாமாவுக்குப் பகலில்தானே வேர்க்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது அம்மா தலையணை உறையைக் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு முதுகில் விழுந்தது. “நாலு கலர்ல கிறுக்கி வச்சிருக்கா பாரு! தலாணியா இது, கரும்பலகையா?” சோப்பு போட்டார், எலுமிச்சை போட்டுத் தேய்த்தார், கோடுகள் வெளுத்தன, போகவில்லை. “விடுக்கா, நான்தான் வரையச் சொன்னேன்” என்றார் மாமா. அவை எதைச் சுற்றி வரைந்த கோடுகள் என்று அம்மா கேட்கவில்லை. மாமா சொல்லவும் இல்லை. அடி வாங்கிய ஆத்திரத்தில் நானும் சொல்லவில்லை. அந்த உறையை மாமாவுக்கென்றே ஒதுக்கிவிட்டார் அம்மா. அடுத்த வாரம் பகாங் வந்தது. பாதித் தலையணை.

ஆறு வாரம் முடிந்தபோது எனக்குப் பள்ளி விடுமுறை. வீட்டில் தனியாக விட்டால் கொளுத்திவிடுவேன் என்று பயந்து என்னையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார் அம்மா. அதற்குள் மாமாவால் முதுகுக்கு முட்டுக் கொடுக்காமல் உட்கார முடியாது என்றாகிவிட்டது. போகுமிடமெல்லாம் தலையணையும் போகும். ஆஸ்பத்திரிக்கு அந்தக் கிறுக்கல் தலையணையோடு போனால் மானம் போய்விடும் என்று, கல்யாணத்துக்காக வாங்கி வைத்திருந்ததில் ஒரு புது உறையை, ரோஜாப்பூப் போட்டதை, பழைய உறைக்கு மேலேயே மாட்டிவிட்டார் அம்மா.

டாக்சியில் மாமா முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். அம்மா ஆஸ்பத்திரி அட்டையை மறந்துவிட்டு மறுபடி மேலே போயிருந்தார். டாக்சிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அப்போது மாமா முதுகுக்குப் பின்னாலிருந்து தலையணையை எடுத்து, ரோஜாப்பூ உறையை மெதுவாக உருவி, மடித்து, என்னிடம் நீட்டினார்.

“வழுக்குது குட்டி. ஒன் பையில வச்சுக்க.”

என் படங்கள் அந்தப் பூக்களைவிட அவருக்குப் பிடித்திருக்கின்றன என்று நான் பூரித்துப்போனேன். அம்மா வருவதற்குள் தலையணை அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். எண் பலகையில் ஒவ்வொரு எண்ணாக மாறுவதை எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைப்பார், நான் நழுவுவேன். அம்மாவும் ஒன்றும் அமைதியாக இல்லை. அட்டையைப் பைக்குள் போடுவதும் எடுப்பதுமாக இருந்ததில், மாமாவின் தலையணை மேல் அவர் கண் போகவே இல்லை. அசையாமல் இருந்தவர் மாமா ஒருவர்தான். அசைந்தால் அவருக்கு வலித்தது.

உள்ளே இருந்தவர் போன முறை பார்த்த டாக்டர் இல்லை, இளம் சீனப் பெண். நிதானமான மலாயில் அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்டார். அம்மாவும் முதலிலிருந்து பதில் சொன்னார். காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. ராத்திரி வியர்ப்பதில்லை. குடும்பத்தில் யாருக்கும் டிபி இல்லை. டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். மாமா முதுகுக்குப் பின்னாலிருந்த தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பகாங் மேலே தெரிந்தது.

அம்மா பார்த்துவிட்டார். சட்டென்று கையை நீட்டித் தலையணையைத் திருப்பப் பார்த்தார். மாமா அதன் மேல் வைத்திருந்த கையை எடுக்கவில்லை. அந்த இழுபறியில் டாக்டர் நிமிர்ந்தார்.

அது என்ன படம் என்று கேட்டார்.

காலையிலிருந்து யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் பாய்ந்துவிட்டேன். “பேத்தா மலேசியா, டாக்டர்!” என்று, மலேசிய வரைபடம் என்பதை மலாயில் சொல்லி ஆரம்பித்தேன். இது பெர்லிஸ், இதுதான் முதலில் வந்தது. இது மலாக்கா, இது நெகிரி செம்பிலான், இது கெடா. இதெல்லாம் மாமாவின் வியர்வை. மாமா தூங்கினால் வரும். முன்பு சின்னதாக வந்தது, இப்போது பெரிதாக வருகிறது. பார்த்துக்கொண்டே இருங்கள், அடுத்தது சரவாக்தான். ஒரே மூச்சில் சொன்னேன். மூன்று மணி நேரம் அடக்கி வைத்த கால் வேறு ஆடிக்கொண்டிருந்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தலையணையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, நான் எழுதிய தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். டீச்சர்கூட என் வேலையை அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

“மாமா எப்போது தூங்குவார்?” என்று என்னிடம் கேட்டார்.

“பகலில்” என்றேன். இதுகூடத் தெரியாதா என்ற தோரணையில்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மாமாவைக் குப்புறப் படுக்கச் சொல்லி முதுகெலும்பின் மேல் ஒவ்வொரு கணுவாக விரலால் அழுத்திக்கொண்டு வந்தார் டாக்டர். நடு முதுகில் ஓரிடத்தில் மாமா துள்ளினார். அந்த இடம் லேசாக வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அந்த முதுகைத் தினமும் பார்த்த எனக்கு அது தெரிந்ததில்லை. மருந்துப் பட்டை மறைத்திருக்கும். முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் எகிறி உதைத்தது. நான் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். தொட்ட பல இடங்களில் மாமா பதில் சொல்லவில்லை. அப்போது செருப்பு ஞாபகம் வந்து, அதையும் நான் சொன்னேன். சிரிக்காமல்தான் சொன்னேன்.

டாக்டர் அம்மாவின் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு கேள்வியைத் திரும்பக் கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது டிபி வந்திருக்கிறதா?

அம்மா தலையணையைப் பார்த்தார். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

“எங்கப்பா” என்று தமிழில் சொன்னார் அம்மா. டாக்டருக்குப் புரியாது என்று உறைத்ததும் மலாயில் மறுபடி சொன்னார். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தாத்தாவுக்கு மூச்சு நின்றதென்று மட்டும் தெரிந்த நான், தலையணையை அழுக்காக்கி அம்மாவை வெளியாள் முன்னால் அவமானப்படுத்திவிட்டேன், அதற்குத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனால் அடி உறுதி என்று பயந்தேன். அடி விழவில்லை.

மாமாவை அன்றே படுக்க வைத்துக்கொண்டார்கள். ஒரு பெரிய குழாய்க்குள் முக்கால் மணி நேரம் அசையாமல் படுக்க வைத்து முதுகைப் படம் எடுத்தார்கள் என்று கேட்டபோது எனக்குத்தான் மூச்சு முட்டியது. இரண்டு எலும்புகள் அரித்துப்போய், நடுவில் சீழ் கட்டி, கால்களுக்குப் போகும் நரம்புத் தண்டை அழுத்திக்கொண்டிருந்தது. ஆனாலும் டாக்டர் உடனே டிபி என்று சொல்லவில்லை. வேறு கிருமியாக இருக்கலாம், கட்டியாகக்கூட இருக்கலாம், ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். அந்தச் சில நாள்களில் அம்மா ஒரே கூடத்தை ஒரு நாளில் நான்கு முறை துடைத்தார். அப்பா ஜொகூரிலிருந்து பாதியில் திரும்பி வந்து, உட்காராமல் பால்கனியில் நடந்துகொண்டிருந்தார். வீட்டில் முதல்முறையாக எல்லோருமே என்னைப்போல ஆனார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

எடுத்த துணுக்கை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்ததும் பாதி தெரிந்தது. மருந்தை ஆரம்பித்தார்கள். மிச்சத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகுமாம், அது மெதுவாகத்தான் வளருமாம். எலும்பில் டிபி. நெஞ்சுப் படம் சுத்தமாக இருந்ததால் மற்றவர்களுக்குத் தொற்றும் பயமில்லை என்றார்கள். இருந்தாலும் எங்கள் எல்லோரையும் சோதித்தார்கள். எனக்கு முன்கையில் ஊசி போட்டு மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள். சொறியாமல் இருந்த அந்த மூன்று நாள் என் வாழ்நாள் சாதனை. நர்ஸ் அந்தத் தடிப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு அளந்தபோது, “பெர்லிஸ்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. சின்னதுதான், பயப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னார்.

கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. சுங்கை பாக்காப்புக்குப் பஸ் ஏறிப் போய், பெண் வீட்டில் உட்கார்ந்து, நோயின் பெயரை முழுசாகச் சொல்லிவிட்டு வந்தது அம்மாதான். அவர்கள் இரண்டு வாரம் பதில் சொல்லவில்லை. பிறகு அந்தப் பெண்ணே போன் பண்ணி, மாமா எத்தனை மணிக்கு மாத்திரை போடுகிறார் என்று விசாரித்தார். இப்போது அவர் எனக்கு அத்தை. மாமா இடுப்பிலிருந்து நெஞ்சு வரை கவசம் மாட்டிக்கொண்டு, கிளினிக்கில் நர்ஸ் கண்ணெதிரே மாத்திரை விழுங்கி, ஒரு வருடத்தில் நிமிர்ந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கால்கள் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

இதற்குப் பிறகு நான் அடங்குவேனா? நோயைக் கண்டுபிடித்தது நான்தான் என்று வகுப்பில் சொன்னேன், கட்டுரையில் எழுதினேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமா, “டாக்டர் வந்தாச்சுலா” என்று என்னை வரவேற்பார். ராத்திரி வியர்க்கிறதா என்று கேட்டால் பகலில் தூங்குகிறவன் என்ன சொல்வான் என்று எல்லோரும் சிரிப்போம். அம்மாவும் சிரிப்பார். ஏதோ கேள்வியில் இருந்த கோளாறு என்பதுபோல அது குடும்பக் கதையாகிவிட்டது.

போன மாதம், அம்மாவின் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தோம். அடியிலிருந்து அந்த ரோஜாப்பூ உறை வந்தது, அன்று என் பையிலிருந்து எடுத்து நான் அங்கே செருகியது. மடிப்புக்கூடக் கலையவில்லை. அம்மா அதை மடியில் வைத்துத் தடவினார்.

“இத நான் மாட்டித்தானே அனுப்புனேன். அப்புறம் டாக்டர் ரூம்ல எப்டிப் பழைய உறை வெளிய வந்துச்சு? இத்தன வருசமா யோசிக்கிறேன்.”

நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான், இருபது வருடம் தாமதமாக, எனக்கு உறைத்தது. உறை வழுக்கவில்லை. மதியம் தோறும் படத்தை அடியில் திருப்பி வைத்த மனிதர், அன்று ஒரு நாள் அதை மேலே வைத்தார். பகலில் வியர்க்கிறது என்று சொல்ல அவருக்கு வாய் இல்லையா என்ன? தாத்தா எப்படிச் செத்தார் என்பது ஆறு வயதில் பக்கத்தில் படுத்திருந்தவருக்குத் தெரியாதா? என் தலையணைப் படங்களைத் தினமும் நின்று பார்த்தவருக்கு தாத்தாவின் நோய் தன் முதுகுக்குள் வந்துவிட்டது என்ற பயம் எப்போதோ வந்திருக்கும். ஆனால் தன்னை வளர்த்த அக்கா ஒரு டாக்டர் முன்னால் இல்லை என்று சொன்ன பிறகு, ஆமாம் என்று சொல்லி அக்காவைப் பொய்க்காரியாக்க அவரால் முடியவில்லை. கால் மரத்துப்போகும் வரை முடியவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு தலையணையை மடியில் வைத்தார். பக்கத்தில், எது கேட்டாலும் கொட்டிவிடுகிற ஒரு பெண் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். நான் கண்டுபிடித்தவள் இல்லை. அவர் அனுப்பிய கடிதம்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ கழட்டுனியா?”

“ஆமாம்மா” என்றேன். “நான்தான் கழட்டுனேன்.”

“அதானே. ஒன் படத்த ஊருக்கே காட்டணும் ஒனக்கு” என்று சொல்லி, உறையை மடித்து, தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளும் துணிகளோடு வைத்தார்.